காருக்குக் கேட்காத புளியறை

இந்த எபிசோடு எங்க அப்பாவோட ஈரிழைத் துண்டுல இருந்து ஆரம்பிக்குது.

போன ஜூலை மாசம், குற்றாலத்துல சாரல் நல்லா பிடிச்சிருந்த நேரம். தென்காசியில இருந்து புனலூர்ல இருக்கிற அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். ராத்திரி எட்டரை மணி இருக்கும். நான் ஓட்டுகிறேன், அப்பா பக்கத்து சீட்டில், அம்மா பின்னாடி. கார் வாங்கி ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. நான்தான் அப்பாவை வற்புறுத்தி பழைய காரை விற்க வைத்து இதை வாங்கினேன். செங்கோட்டை தாண்டி, புளியறை செக்போஸ்ட் தாண்டி, மேலே எஸ் வளைவு ஏறும்போது மழை ஊத்த ஆரம்பிச்சது. அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். மலைக்கு நடுவுல இருக்கிற அந்தக் கணவாய் வழியாத்தான் கேரளத்து மழை நம்ம பக்கம் எட்டிப் பார்க்கும். ரெண்டே நிமிஷத்துல முன் கண்ணாடியோட உள்பக்கம் ஆவி படிஞ்சு பால் மாதிரி ஆயிடுச்சு. முன்னாடி ஒரு லாரி போகுதுங்கறது அதோட சிவப்பு லைட் மங்கலாத் தெரியறதை வைச்சுதான் தெரியுது.

பழைய கார்ல இதுக்கு ஒரு குமிழ் இருந்தது. கண்ணை ரோட்டுல இருந்து எடுக்காம கையாலத் தடவித் திருப்பிடலாம். புதுக் கார்ல அது தொடுதிரைக்குள்ள ரெண்டு மெனு தள்ளி இருக்கு. ஆனா ஷோரூம்ல சொல்லியிருந்தாங்க: "எதையும் தொட வேண்டாம் சார், வாயால சொன்னா போதும்." சரின்னு சொன்னேன். ஆங்கிலத்துல, நல்லா நிறுத்தி, "டீஃபாக்" என்றேன்.

கார் ரொம்ப பணிவா, "தீபக்கை அழைக்கிறேன்" என்றது.

தீபக் என் டீம் லீட். ஞாயித்துக்கிழமை ராத்திரி. ஸ்பீக்கர்ல ரிங் போகுது, மழை சத்தம், வைப்பர் சத்தம், முன்னாடி லாரி பிரேக் போடுகிறது. நான் கத்துறேன், கார் புரியலைங்குது. அப்போ அப்பா தோள்ல கிடந்த துண்டை எடுத்து, முன்னாடி சாய்ஞ்சு, என் பக்கத்துக் கண்ணாடியை ஒரு இழுப்பு இழுத்தார். "ஏலே, சைடு கண்ணாடிய ஒரு விரக்கட எறக்கு. வாய மூடிட்டு ரோட்டப் பாரு." இறக்கினேன். ஆவி கொஞ்சம் கொஞ்சமா விலகிச்சு. லாரிக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு கட்டில் போடற இடம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து தீபக் போனை எடுத்து "ஹலோ? ஹலோ?" என்கிறார்.

சிரிச்சுட்டு விட்டிருக்கலாம். நானும் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர்ங்கறதால விட முடியல. இந்த மாதிரி ஒரு புகார் எங்க டீமுக்கு வந்தா நாங்க என்ன எழுதுவோம்னு எனக்குத் தெரியும்: பயன்படுத்துபவரின் தவறு, சிஸ்டம் சரியாகத்தான் இயங்குகிறது. அந்த வரியை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். அதனால இந்தப் பேச்சு கேட்கிற மெஷின் எங்கிருந்து வந்தது, ஏன் புளியறையில வந்து காது அடைச்சுப் போகுதுன்னு தேட ஆரம்பிச்சேன்.

தேடினா கதை கிண்டிக்குப் போகுது.

1937ல அன்றைய சென்னை மாகாணத்துல, சித்தூர் மாவட்டம் காட்டூர் கிராமத்துல பிறந்தவர் ராஜ் ரெட்டி. தாய்மொழி தெலுங்கு. கிண்டி பொறியியல் கல்லூரியில 1958ல பட்டம் வாங்கினார். கம்ப்யூட்டர்ல இல்ல, சிவில் இன்ஜினியரிங்ல. அங்கிருந்து ஆஸ்திரேலியா, அப்புறம் ஸ்டான்ஃபோர்டு. 1966ல அங்கே டாக்டர் பட்டம். மெஷினுக்குப் பேச்சைப் புரிய வைக்கிறதுதான் அவர் வாழ்நாள் வேலை. 1994ல எட்வர்ட் ஃபைகன்பாமோட சேர்ந்து டியூரிங் விருது வாங்கினார். கம்ப்யூட்டர் துறையோட நோபல்னு சொல்லுவாங்களே, அதுதான். அதை வாங்கின முதல் ஆசியர் அவர். கிண்டியில படிச்ச எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியல. எனக்கு இருபத்தெட்டு வயசு வரைக்கும் தெரியாது.

அவருக்கு முன்னாடியும் முயற்சிகள் இருந்தன. 1952ல அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துல 'ஆட்ரி'ன்னு ஒரு மெஷின் செஞ்சாங்க. ஆறடி உயரத்துக்கு ஒரு அலமாரி. அதுக்குப் புரிஞ்சது பத்தே பத்து சொல்: பூஜ்யத்துல இருந்து ஒன்பது வரைக்கும். அதுவும் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவுல நிறுத்திச் சொல்லணும். மெஷினுக்குப் பழக்கப்பட்ட ஒருத்தர் சொன்னா பிரமாதமாகக் கேட்கும், வேற ஆள் சொன்னா தடுமாறும். இந்த இடத்தைக் கொஞ்சம் குறிச்சு வைச்சுக்கோங்க. எழுபது வருஷம் கழிச்சு எங்க கார்லயும் இதே நோய்தான். 1962ல ஐபிஎம் காட்டிய 'ஷூபாக்ஸ்' பதினாறு சொல்லுக்கு முன்னேறியது. 1969ல பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் பியர்ஸ் இந்தத் துறையையே சாடி ஒரு கடிதம் எழுதினார். அங்கே கொஞ்ச காலம் இந்த ஆராய்ச்சியே நின்னு போச்சு.

அந்தச் சமயத்துலதான் ராஜ் ரெட்டி கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1971ல அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பு ஐந்து வருஷத் திட்டம் ஒன்றுக்குப் பணம் கொடுத்தது. ஆயிரம் சொல் புரிஞ்சுக்கிற மெஷின் வேணும், நிறுத்தி நிறுத்தி இல்லாம தொடர்ந்து பேசினாலும் புரியணும். 1976ல ரெட்டியின் குழுவில் புரூஸ் லோவர் செய்த 'ஹார்ப்பி' 1,011 சொற்களோட அந்த இலக்கைத் தொட்டது.

ஆனா எனக்குப் பிடிச்சது ஹார்ப்பிக்கு முன்னாடி அவங்க செஞ்ச 'ஹியர்சே'. அது செஸ் ஆடும். நீங்க வாயால நகர்வைச் சொல்லணும். காதுல விழுந்த சத்தம் தெளிவா இல்லைன்னா அது என்ன பண்ணும் தெரியுமா? பலகையைப் பார்க்கும். இந்த நிலைமையில எந்தெந்த நகர்வு சாத்தியம், எது விதிப்படி செல்லாதுன்னு பார்த்து, சத்தத்துக்குப் பக்கத்துல இருக்கிற நியாயமான நகர்வைத் தேர்ந்தெடுக்கும். காதால கேட்டது பாதி, சூழ்நிலையில இருந்து ஊகிச்சது மீதி. நம்ம வீட்டுப் பாட்டிகளும் இப்படித்தான கேட்பாங்க.

இப்போ எங்க காரை நினைச்சுப் பாருங்க. மழை பெய்யுதுன்னு அதுக்குத் தெரியும், ஏன்னா வைப்பர் தானா ஓடுது. வெளியே எத்தனை டிகிரி, உள்ளே எத்தனை டிகிரின்னு தெரியும். ராத்திரின்னு தெரியும், ஹெட்லைட் தானா எரியுது. மலைப்பாதைன்னு வரைபடத்துல தெரியும். இவ்வளவும் கையில வைச்சுக்கிட்டு, 'டீஃபாக்'கா 'தீபக்'கான்னு சந்தேகம் வந்தப்போ அது பலகையைப் பார்க்கல. ஐம்பது வருஷம் முன்னாடி செஸ் மெஷின் செஞ்ச வேலையை லட்சக்கணக்கில் விற்கிற கார் செய்யல. இது தொழில்நுட்பம் இல்லாததால வந்த குறை இல்லை. காலநிலை செஞ்ச டீமும் குரல் செஞ்ச டீமும் வேற வேற பில்டிங்ல உட்கார்ந்திருப்பாங்கன்னு என் ஊகம். அனுபவத்துல சொல்றேன்.

காருக்குள்ள குரல் வந்த கதையும் விசித்திரமானது. கார் முதல்ல கேட்கக் கத்துக்கல, பேசத்தான் கத்துக்கிச்சு. 1981ல நிஸானின் டாட்சன் மாக்ஸிமா கார்ல ஒரு குட்டி கிராமஃபோன் தட்டு இருந்தது, நிஜமான தட்டு. லைட்டை அணைக்க மறந்தா அதுல இருந்து ஒரு பெண் குரல் ஞாபகப்படுத்தும். 1983 வாக்கில் கிரைஸ்லர் சிப் வைச்சுப் பேச வைச்சாங்க. கதவு சரியா மூடலைன்னு அது ஆங்கிலத்துல சொல்றது 'கதவு ஒரு ஜாடி'ங்கற மாதிரி காதுல விழும், அமெரிக்கா முழுக்க அதை வைச்சு ஜோக்.

கேட்கிற கார் ஒழுங்கா வர்றதுக்கு இன்னும் இருபது வருஷம் ஆச்சு. 2004ல ஹோண்டாவும் ஐபிஎம்மும் சேர்ந்து அறிவிச்ச சிஸ்டத்துக்கு எழுநூறுக்கும் மேல கட்டளை புரியும், அதோட அமெரிக்காவின் 17 லட்சம் தெரு, ஊர்ப் பெயர்கள். 2007ல ஃபோர்டும் மைக்ரோசாஃப்ட்டும் 'சிங்க்' கொண்டு வந்தாங்க. அதுக்கு அப்புறம் குரல் இல்லாத காரே இல்லைங்கற மாதிரி ஆச்சு. அதே வேகத்துல புகாரும் வந்தது. கார் வாங்கினவங்களை வருஷா வருஷம் கேட்டுக் கணக்கெடுக்கிற ஜே.டி. பவர் நிறுவனத்தின் ஆய்வுகள்ல, 2010களில் பல வருஷம் குரல் கட்டுப்பாடுதான் முன்னணிப் புகார்கள்ல ஒன்று. இந்தியாவுக்கு இந்த அலை 2019ல வந்தது. அந்த ஒரே வருஷத்துல ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர், கியா செல்டோஸ்னு வரிசையா இணைய இணைப்புள்ள கார்கள். விளம்பரத்துல எல்லாரும் காரோட பேசிக்கிட்டே போனாங்க. மழை எந்த விளம்பரத்துலயும் பெய்யல.

மழை ஏன் முக்கியம்? ஏன்னா கார் ஒரு தகர டப்பா. மைக் உங்க வாய்க்கிட்ட இல்ல, கூரையில இருக்கு. கூரை மேல மழை, கீழே டயர் சத்தம், எதிரே ஏசி காத்து, பின்னாடி அம்மா "எய்யா, பாத்துப் போய்யா"ங்கறாங்க. இதோட நம்ம குரலே மாறிடும். எத்தியென் லொம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு காது மருத்துவர் 1911ல எழுதினார்: சுத்திச் சத்தம் இருந்தா மனுஷன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். (அதே 1911லதான் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில ஆஷ் துரையைச் சுட்டார். சம்பந்தம் ஒண்ணும் இல்ல, ஊர்க்காரன் பழக்கம்.) குரல் உயரும்போது சத்தம் மட்டும் கூடறதில்ல. சுருதி ஏறும், உயிரெழுத்து நீளும். அமைதியான அறையில பதிவான குரல்கள்ல பயிற்சி எடுத்த மெஷினுக்கு இது வேற ஆள் மாதிரி கேட்கும். புரியலைன்னு சொன்ன உடனே நாம இன்னும் கத்துவோம், அதுக்கு இன்னும் புரியாது. அன்னைக்கு நான் செஞ்சது அதுதான்.

இன்னொண்ணு, பல கார்கள்ல கூப்பிடுற சொல் மட்டும்தான் காருக்குள்ளயே புரியும். மீதிப் பேச்சு இணையம் வழியா எங்கேயோ இருக்கிற சர்வருக்குப் போய்த் திரும்பணும். புளியறை தாண்டினா சிக்னல் தமிழ்நாட்டுக் கோபுரத்தை விட்டுட்டு கேரளத்துக் கோபுரத்தைத் தேடிக்கிட்டு இருக்கும். எது அவசரமோ அது அந்த இடத்துலதான் வரும்.

சரி, இதெல்லாம் யாருக்கும் வரும் பிரச்சினை. நமக்கே நமக்குன்னு ஒரு பிரச்சினை இருக்கு. அது பெயர்.

அந்தப் பயணம் முழுக்க வழி சொல்ற குரல் எங்க ஊரை "புலியரை"ன்னுதான் சொல்லிச்சு. புளி இல்ல, புலி. அம்மா முதல்ல பயந்தே போயிட்டாங்க. காரணம் எளிசு. வரைபடத்துல பெயர் ஆங்கில எழுத்துல இருக்கு. அந்த எழுத்துல ல, ள ரெண்டுக்கும் ஒரே எல். ர, றவுக்கும் ஒரே ஆர். மெஷின் அந்த எழுத்தைப் பார்த்து உச்சரிப்பை ஊகிக்குது. திரும்ப நாம 'புளியறை'ன்னு சொன்னா, ஆங்கில ஒலிப் பட்டியல்ல 'ள'வே கிடையாது, அதனால பொருத்தம் கிடைக்கல. புளியறையாவது பரவாயில்ல. குற்றாலத்தை ஆங்கிலத்துல எப்படி எழுதுறோம்? 'கோர்ட்டல்லம்'னு படிக்கிற மாதிரி. நீங்க வாய் நிறைய 'குத்தாலம்'னா எந்த மெஷின் அதைக் கோர்ட்டல்லத்தோட சேர்க்கும்? சேர்க்கிற மெஷினுக்கு யாரோ ஒருத்தர் கையால அந்த ஜோடியைச் சொல்லிக் கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

இந்த எழுத்துகள் வெள்ளைக்காரன் காதுல விழுந்தபடி எழுதப்பட்டவை. செங்கோட்டை 'ஷென்கோட்டா' ஆச்சு, திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆச்சு. செங்கோட்டை ரயில் நிலையத்தோட சுருக்கக் குறி இன்னைக்கும் எஸ்சிடிதான், எஸ்சுக்கு அடுத்து சி வர்ற காரணம் அந்தப் பழைய எழுத்து. 1870களில் வில்லியம் வில்சன் ஹன்ட்டர்னு ஒரு அதிகாரி இந்திய ஊர்ப்பெயர்களை ஒரே முறையில எழுத ஒரு திட்டம் போட்டார். ஆனா ஏற்கெனவே பழகிப்போன பெயர்களை அப்படியே விட்டுட்டாங்க. நம்ம பக்கம் அதுல இன்னொரு சிக்கல். புளியறை 1956 அக்டோபர் 31 வரைக்கும் சென்னை மாநிலமே இல்ல, திருவிதாங்கூர்-கொச்சி. நவம்பர் 1 அன்னைக்கு செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டமும் ஆச்சு. ஊர் நகரல, காகிதம்தான் மாறிக்கிட்டே இருந்தது.

2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு ஒரு காரியம் செஞ்சது ஞாபகம் இருக்கா? 1,018 ஊர்ப்பெயர்களோட ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி ஆணை வெளியிட்டாங்க. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த புது எழுத்தைப் பார்த்து மீம் போட்டோம், நானும் போட்டேன். சில நாள்லயே அரசு வாபஸ் வாங்கிடுச்சு. அந்த எழுத்துகள் கண்ணுக்கு அசிங்கமாத்தான் இருந்தது. ஆனா இப்போ தோணுது: சிரிச்ச நாம யாரும் அந்தப் பெயர்களை ஒரு மெஷின் படிக்கப் போகுதுன்னு யோசிக்கல. சரியான வழி, பெயரைத் தமிழ் எழுத்துலயே கொடுத்து, அதுல இருந்து உச்சரிப்பை எடுக்கிறது. தமிழ்ல எழுதினதைப் பெரும்பாலும் எழுதின மாதிரியே படிக்கலாம். க, ச, ட மாதிரி எழுத்துகளுக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறும், அதுக்கும் விதி உண்டு. ஆங்கிலத்தை விட எவ்வளவோ சுலபமான வேலை.

குரல் வந்ததுக்கு அடிப்படைக் காரணத்தையும் சொல்லிடறேன். பட்டனை எடுத்துட்டுத் திரை வைச்சாங்க. திரை மலிவு, அப்டேட் பண்ணலாம், பார்க்க நல்லா இருக்கும். 2022ல சுவீடனின் 'வி பிலேகாரே' பத்திரிகை ஒரு சோதனை செஞ்சது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்துல நாலு சின்ன வேலை செய்யணும். பட்டன் வைச்ச 2005ஆம் வருஷத்து வால்வோவுல 10 நொடி. திரை மட்டும் வைச்ச ஒரு புதுக் கார்ல கிட்டத்தட்ட 45 நொடி, அதுக்குள்ள கார் 1,372 மீட்டர் போயிடுச்சு. ஜெர்மனியில ஒருத்தர் மழையில வைப்பர் வேகத்தைத் திரையில மாத்தப் போய் ரோட்டை விட்டு விலகி மரங்கள்ல மோதினார். 2020ல கார்ல்ஸ்ரூ நீதிமன்றம் அபராதத்தையும் ஒரு மாச ஓட்டுநர் தடையையும் உறுதி செஞ்சது. வழக்கு டிரைவர் மேலதான், திரையை வைச்சவங்க மேல இல்ல.

திரை ஆபத்துன்னா வாயால சொல்லுங்கன்னாங்க. வாயால சொல்றதும் சும்மா இல்ல. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2015ல அளந்து பார்த்தது: குரல் கட்டளை முடிஞ்ச பிறகும் சில சிஸ்டங்கள்ல 27 நொடி வரைக்கும் டிரைவரோட கவனம் முழுசா ரோட்டுக்குத் திரும்பறதில்ல. மணிக்கு 40 கிலோமீட்டர்ல போனாலும் அது 300 மீட்டர். புளியறை வளைவுல 300 மீட்டர்னா என்னன்னு அந்த ரோட்டுல ஓட்டினவங்களைக் கேளுங்க.

எங்க அப்பா ஓட்டினவர். இருபத்திரண்டு வருஷம் பாவூர்சத்திரம் சந்தையில இருந்து காய்கறி ஏத்திக்கிட்டு இதே ரோட்டுல கொல்லத்துக்குப் போனவர். கோட்டைவாசல் கருப்பசாமிக்கு வண்டியை நிறுத்தாம ஒரு நாள் தாண்டினதில்ல. இந்தக் கார் வந்த முதல் வாரம் அவரும் அதுகிட்ட பேசிப் பார்த்தார். "ஏசியக் கொஞ்சம் கொறயேன்பா"ன்னு ரொம்ப மரியாதையாத்தான் கேட்டார். மூணு தடவை கேட்டார். அது மூணு தடவையும் ஆங்கிலத்துல மன்னிப்புக் கேட்டது. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, "அப்பா, இப்படிச் சொல்லணும்"னு ஆங்கிலத்துல சொல்லிக் கொடுத்தேன். அவர் அதுக்கப்புறம் சாவியைத் தொடவே இல்ல. "நீயே ஓட்டுல, அதுக்கு நம்ம பேச்சு வெளங்கல" என்றார். அதை நான் பெரிசா எடுத்துக்கல. அந்த மழை ராத்திரி வரைக்கும்.

நிலைமை மாறிக்கிட்டுத்தான் இருக்கு. யூரோ என்கேப் அமைப்பு 2026ல இருந்து இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் மாதிரி அஞ்சு விஷயத்துக்கு நிஜமான பட்டனோ நெம்புகோலோ இல்லைன்னா முழு மதிப்பெண் கிடையாதுன்னு சொல்லியிருக்கு. கண்ணாடி ஆவி அந்தப் பட்டியல்ல இல்லைங்கறது என் தனிப்பட்ட வருத்தம். நம்ம பக்கம், சென்னை ஐஐடியின் 'ஏஐ ஃபார் பாரத்' குழு 2024ல 'இண்டிக்வாய்சஸ்'னு ஒரு குரல் தொகுப்பு வெளியிட்டது. 22 மொழி, 145 மாவட்டம், 16,237 பேர், 7,348 மணி நேரம். அதுல முக்கால்வாசி எழுதி வைச்சுப் படிச்சது இல்ல, மனசுல தோணினதைப் பேசினது.

நானும் என் பங்குக்கு ஒண்ணு செய்யலாம்னு மோசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தைத் திறந்து அப்பாவை உட்கார வைச்சேன். யார் வேணா தங்கள் குரலைக் கொடுக்கலாம். திரையில ஒரு வாக்கியம் வரும், அதைப் படிக்கணும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ரெண்டு வாக்கியம் மெதுவாப் படிச்சார். மூணாவதுல நிறுத்திட்டார். "ஏலே, இது யாரு பேசுத தமிழு?"

எழுத்துத் தமிழ்ப்பா, அப்படித்தான் இருக்கும்னேன்.

"அப்ப வண்டிக்குள்ள ஏறி நான் ரேடியோ நியூஸா வாசிக்கப் போறேன்?"

பதில் இல்ல. ஆனாலும் அன்னைக்கு இருபது வாக்கியம் படிச்சுக் கொடுத்தார். போன வாரம் செங்கோட்டை வரைக்கும் அவரே காரை எடுத்துட்டுப் போயிருக்கார். குரல் வசதியை செட்டிங்ஸ்ல போய் நான் அணைச்சு வைச்சிருந்தேன். துண்டு டேஷ்போர்டு மேல மடிச்சு வைச்சபடி இருக்கு.

உங்க ஊர்ப் பெயரை உங்க கார் எப்படிச் சொல்லுதுன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடறேன். சத்தமில்லாத இடத்துல நின்னு பதிவு பண்ணணும்னு அவசியம் இல்ல.